நகர்த்தியே ஆக வேண்டிய ராஜா

அந்தத் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். நகரத்தின் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அவருக்குத்தான் போன் வரும். கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் போடுவது, தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றுவது, இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைச் சமாதானப்படுத்தி வெளியே இழுப்பது, இதிலேயே தலை நரைத்துவிட்டது. ஊரையே மேலே ஏற்றிவிட்ட மனிதர் குடியிருந்ததோ தரைத்தளத்தில். கேட்டால், "வேலை முடிஞ்சு வந்தா காலு மண்ணுல இருக்கணும்" என்பார்.

வீட்டில் மூன்று பேர். அவர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். முன் அறையை அடைத்துக்கொண்டு ஒரு நீள மேசை; அதன் ஒரு முனையில் சாப்பாடு, மறு முனையில் துணி வெட்டு. தம்பி டவுன் பஸ் டிரைவர். கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அப்படியே கிளம்பிக் கிளம்பி நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டான்.

மாமனுக்கும் மச்சானுக்கும் இருந்த ஒரே கெட்ட பழக்கம் செஸ். சாப்பிட்ட தட்டை எடுத்த கையோடு பலகையை விரிப்பார்கள். மச்சான் பஸ் ஓட்டுகிற மாதிரியே ஆடுவான். கிடைத்த சந்தில் முன்சக்கரத்தை நுழைத்துவிட்டு, பின்சக்கரத்தைப் பிறகு பார்த்துக்கொள்வான். லிஃப்ட்காரர் அப்படியே நேரெதிர். ஒரு காயைத் தொடுமுன் நாலு பக்கமும் பார்ப்பார். சிப்பாய்களை வரிசையாகக் கோத்து மதில் கட்டி, உள்ளே ராஜாவை உட்காரவைத்துவிட்டு, எதிராளி வந்து முட்டிச் சாகட்டும் என்று காத்திருப்பார். பத்து ஆட்டத்தில் ஏழு அவருக்குத்தான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில், ஒருநாள் காலை படுக்கையில் வலப்பக்கம் புரண்டார். அறை சுழன்றது. மின்விசிறி நின்றுவிட்டு, அதற்குப் பதிலாக வீடு சுற்றுவதைப் போல. கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. பித்தம் என்று நினைத்தார். மறுநாளும் வந்தது. அண்ணாந்து பார்த்தால் வந்தது. வலப்பக்கம் சட்டென்று திரும்பினால் வந்தது.

வேறொருவராக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பார். ஆனால் அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. லேசாகத் தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர், தலைக்குள் கட்டி என்ற செய்தியோடு திரும்பி வந்தார். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. அண்ணனைத் தோளில் சாய்த்துக் குளியலறைக்கு அழைத்துப் போனவர் இவர்தான். அந்தக் கனம் இன்னமும் தோளில் இருந்தது. அதனால் அவர் மனதில் ஒரு குருட்டுக் கணக்கு விழுந்துவிட்டது. பெயர் வைக்காதவரை அது வெறும் தலைசுற்றல். டாக்டர் வாயைத் திறந்தால்தான் அது வியாதி.

எனவே அவர் தன் வாழ்க்கையை இடப்பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார். இடப்பக்கமே படுத்தார். செருப்பு மாட்டக் குனியாமல் சுவரில் சாய்ந்து காலை நுழைத்தார். அலமாரியின் மேல்தட்டில் இருந்தால் அந்தப் பொருளே தேவையில்லை என்றார். வேலையில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏற வேண்டியிருந்தால் கூட வருகிற மெக்கானிக்கைப் பார்த்து, "முட்டி வலிக்குதுப்பா, நீயே ஏறிடு" என்றார். அந்த மெக்கானிக் இவர் வயதுக்காரர். "உனக்கு முட்டி, எனக்கு மட்டும் என்ன ஸ்பிரிங்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார்.

மச்சானிடம் மாட்டிக்கொண்டது பரணால். விருந்தாளிக்குப் போர்வை எடுக்க மனைவி சொல்ல, தட்ட முடியாமல் ஏணியில் ஏறினார். கையை நீட்டி அண்ணாந்தார். அவ்வளவுதான். ஏணியோடு பின்பக்கமாகச் சரிந்தவரை, அப்போதுதான் உள்ளே நுழைந்த மச்சான் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். மனைவி அடுப்படியில் இருந்தார், பார்க்கவில்லை.

"என்ன மாமா இது?"

"ஒண்ணுமில்ல மாப்ள. கால் வழுக்கிடுச்சு."

"கால் வழுக்கினா கண்ணு ஏன் இப்படி ஆடுது?"

அன்று பின்கட்டில் உட்கார்த்திவைத்து எல்லாவற்றையும் கறந்துவிட்டான். கேட்டு முடித்ததும் அவன் முகம் வெளுத்துப்போனது. "அக்காகிட்ட சொல்லிடலாம். டாக்டர்கிட்ட போயிடலாம்" என்றான். முடியாது என்றார். "அப்ப நான் சொல்லிடறேன்" என்றான். "நீ சொன்னா இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்" என்றார். எங்கே போவார் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பேச்சு முட்டி நின்றது.

கடைசியில் மச்சான்தான் சொன்னான். "சரி. ஒரு ஆட்டம் போடுவோம். நீங்க ஜெயிச்சா நான் வாயைத் திறக்கல. நான் ஜெயிச்சா, நீங்களே உங்க வாயால அக்காகிட்ட சொல்லணும்."

பத்துக்கு ஏழு ஜெயிக்கிறவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்குமா? உடனே ஒப்புக்கொண்டார்.

அந்த ஆட்டத்தில் மச்சான் பஸ் ஓட்டவில்லை. கன்னத்தில் கையை ஊன்றி, ஒவ்வொரு காய்க்கும் பெருமூச்சு விட்டு ஆடினான். குதிரைகள் போயின, யானைகள் போயின, ராணிகள் இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. கடைசியில் பலகையில் மிஞ்சியது இரண்டு ராஜாவும் இரண்டு சிப்பாயும். சிப்பாய்கள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. லிஃப்ட்காரரின் ராஜா தன் சிப்பாய்க்குக் காவலாகவும் எதிர்ச் சிப்பாய்க்கு எமனாகவும் ஒரு பக்கம் நின்றது. மச்சானின் ராஜாவும் அதே வேலையாக மறுபக்கம் நின்றது.

பார்த்தால் ஒரு குறையும் இல்லாத நிலைமை. யாரும் யாரையும் தொட முடியாது. ஆனால் ஒரு சங்கடம். யாருடைய முறையோ அவர் ராஜாவை நகர்த்தியாக வேண்டும். வேறு நகர்த்தக் காய் இல்லை. நகர்த்தினால் காவல் போச்சு. காவல் போனால் சிப்பாய் போச்சு. அதற்குப் பிறகு எதிர்ச் சிப்பாய் கல்யாண ஊர்வலம் மாதிரி நிதானமாகக் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாகிவிடும். மச்சானின் முறையாக இருந்திருந்தால் மச்சான் தோற்றான். முறை லிஃப்ட்காரருடையதாக இருந்தது.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, "சமன்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

"வேண்டாம் மாமா."

"சீட்டாட்டத்துல பாஸ் சொல்றோமில்ல, அந்த மாதிரி இந்த ஒரு தடவை..."

"செஸ்ல பாஸ் கிடையாது மாமா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை அவரே மச்சானை இப்படி இடுக்கில் நிறுத்திச் சிரித்திருக்கிறார். நகர்த்தாமல் இருப்பதற்கு ஒரு வழி கேட்டு மனிதன் இவ்வளவு கெஞ்சுவான் என்று அப்போது தெரியவில்லை. "நாளைக்கு ஆடறேன்" என்று எழுந்துகொண்டார். இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு நேரம்தான் என்று யாரும் விதி வைக்கவில்லை. அந்த ஓட்டையில் புகுந்துகொண்டார்.

பலகை மேசை மேலேயே கிடந்தது. நாளைக்கு என்றது மறுநாளைக்குத் தள்ளிப்போனது. ஒருநாள் கண் எரிச்சல் என்றார். ஒருநாள் மார்க்கெட்டில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று வராத போனுக்காகக் கிளம்பிப்போனார். மச்சான் நச்சரிக்கவில்லை. சாப்பிடும்போது பலகையைப் பார்ப்பான், மாமாவைப் பார்ப்பான், தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். அதுதான் லிஃப்ட்காரருக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

ஒன்றும் தெரியாத மனைவி துணியை வெட்டும்போதெல்லாம் பலகையைச் சுற்றி வெட்டினார். "இது என்ன சாமி சிலையா, நகர்த்தக் கூடாதுன்னு? ஆடறதுன்னா ஆடித் தொலைங்க, இல்லன்னா எடுங்க." இரண்டு பேரும் ஒரே குரலில், "எடுக்காதே!" என்றார்கள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல எனக்குத் தெரியாம என்னமோ நடக்குது" என்று கத்தரிக்கோலைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், கூட வருகிற மெக்கானிக் மகளுடைய பிரசவத்துக்காக விடுப்பில் போனார். அன்று பார்த்து ஒரு குடியிருப்பில் லிஃப்ட் தடதடவென்று சத்தம் போடுகிறது என்று அழைப்பு. விதிப்படி தனியாகப் பெட்டியின் கூரைமேல் ஏறக் கூடாது. வேறு ஆளைக் கேட்டு வாங்கி அவனை ஏறச் சொன்னால், நீ ஏன் ஏறவில்லை என்று மேனேஜர் கேட்பார். லிஃப்ட்காரர் ஏறினார்.

லிஃப்ட் ஏறி இறங்கும் அந்தக் குழி கிணறு மாதிரி இருண்டு கிடந்தது. கைவிளக்கை ஒரு கம்பியில் மாட்டிவிட்டு, பெட்டி ஓடும் பக்கவாட்டுத் தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தார். சத்தம் மேலேயிருந்து வந்தது. பார்க்காமல் இருக்க முடியாது. மெல்ல, மிக மெல்லத் தலையைத் தூக்கினார். வலப்பக்கத்தில்தான் கயிறு ஓடும் உருளை இருந்தது. அந்தச் செங்குத்துக் கிணறு அப்படியே சாய்ந்து உருளத் தொடங்கியது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. நிறுத்து பொத்தானை அடித்துவிட்டு, கம்பிக் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கசடு கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது.

கதவிடுக்கு வழியாக ஒரு பெண்குரல் கேட்டது. "அண்ணே, லிஃப்ட் ரெடியாயிடுச்சா? அம்மாவை வீல்சேர்ல கூட்டிட்டு வந்திருக்கேன்."

"இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றார். அந்தக் குரல் தன்னுடையதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அந்தப் பெண் நல்லவள். "மெதுவாப் பாருங்கண்ணே, அவசரமில்ல" என்றாள்.

சுற்றல் நின்ற பிறகும் அவர் எழவில்லை. தான் விழுந்திருந்தால் தன் கதை முடிந்திருக்கும், அது ஒரு விஷயம். ஆனால் மயங்கிய நிலையில் தவறான பொத்தானை அமுக்கியிருந்தால்? வீல்சேரைத் தள்ளிக்கொண்டு கதவோரம் நிற்கிறவர்களை நினைத்தார். தவழ்ந்து வெளியே வந்தார். லிஃப்டைப் பூட்டி, வேலை முடியவில்லை என்ற அட்டையை மாட்டினார். கீழே போக வேண்டிய அந்த முதியவளின் வீல்சேரை ஒரு பக்கம் அவர் பிடிக்க, மறுபக்கம் காவல்காரர் பிடிக்க, படி வழியாக இறக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் வேறொரு புயல். ஒரு ஓட்டலின் கல்யாண மண்டபத்துக்குப் பெரிய திரைகள் தைக்கும் வேலை மனைவிக்குக் கிடைத்திருந்தது. தரையெல்லாம் துணிச்சுருள்.

"இன்னிக்கு எனக்கு மேசை முழுசா வேணும்" என்றார் மனைவி, கணவன் செருப்பைக் கழற்றுமுன்னே. "நீங்க ரெண்டு பேரும் ஆடறீங்களோ, கட்டிப்பிடிச்சு அழறீங்களோ, இந்தப் பலகை இப்ப எந்திரிக்கணும்."

லிஃப்ட்காரரின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. "சரி, எடுத்துடு. ஆட்டம் கலைஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கலாம்."

"எடுக்கலாம்க்கா" என்றான் தம்பி, நாற்காலியைவிட்டு எழாமலே. "ஆனா யார் முறையில ஆட்டம் நிக்குதோ, அவர் தோத்ததா அர்த்தம்."

மேசையின் ஒரு பக்கம் மனைவி இடுப்பில் கையோடு. எதிரே மச்சான். நடுவில் அந்த நாலு காய்கள். லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். கையில் இன்னும் எண்ணெய்க் கறை. ராஜாவைத் தொட்டார். எந்தக் கட்டத்தில் வைத்தாலும் கதை ஒன்றுதான் என்று தெரிந்தும், கொஞ்சம் தள்ளிப்பார்த்து, வேறு பக்கம் தள்ளிப்பார்த்து, கடைசியில் ஒரு கட்டம் பின்னால் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

மச்சான் சிப்பாயை வெட்டினான். ஆனால் வெட்டிய காயை எப்போதும்போல் டக்கென்று மேசையில் தட்டவில்லை. மெதுவாக ஓரத்தில் படுக்கவைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. பல நாளாக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர் மூச்சு விட்டதைப் போல இருந்தது. தோற்றாகிவிட்டது. இனி தோற்காமல் இருக்க வேண்டிய வேலை இல்லை.

"இப்படி உட்காரு" என்றார் மனைவியிடம். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். படுக்கையில் சுற்றியது, பரணில் சரிந்தது, இன்றைக்கு இருட்டில் கயிற்றைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தது, அண்ணன் நினைப்பு, எல்லாம். பந்தயத்தையும் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டே, மடியில் இருந்த துணியின் விளிம்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

முடித்ததும் முதல் அடி தம்பிக்கு விழுந்தது, அளவுகோலால், தோளில். "உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல."

"மாமா வீட்டை விட்டுப் போயிடுவேன்னாரு அக்கா."

"எங்க போவாராம்? பஸ் ஸ்டாண்டுக்கா?" பிறகு கணவனிடம் திரும்பினார். "என் புருஷனுக்குத் தலை சுத்துதுன்னு நான் தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு சிப்பாய் சாகணுமா?"

லிஃப்ட்காரர் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளா எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே படுக்கறீங்களே," என்றார் மனைவி. குரல் இப்போது இறங்கியிருந்தது. "நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுபோச்சு. என்னைப் பிடிக்கலையோன்னுகூட..."

"அட, உன் பக்கம் திரும்பினா வீடு சுத்துதும்மா."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்தது. மனைவி அவனை முறைத்தார். முறைத்துக்கொண்டே தானும் சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டார். அது ஓட்டல் துணி என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக மனைவி அவரை மேனேஜருக்குப் போன் போட வைத்தார். தலைசுற்றல் இருக்கிறது, கூரைமேல் ஏற மாட்டேன் என்று லிஃப்ட்காரர் சொன்னார். வேலை போச்சு என்றே நினைத்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா?" என்றார் மேனேஜர். "நீ கிணத்துல விழுந்து நான் ஜெயிலுக்குப் போகவா? பட்டறையில மோட்டார் பிரிக்கற வேலை மலையாக் கிடக்கு. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் அங்க உட்காரு." போனை வைப்பதற்கு முன், "உடம்பைப் பாத்துக்க" என்றும் சொன்னார். அவரிடமிருந்து அப்படியொரு வார்த்தை வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

மூவருமாகத்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனார்கள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டார். நடக்கச் சொன்னார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார், விரலைத் தொடச் சொன்னார். பிறகு கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார்.

"அப்படியே பின்னால சாயணும். தலை கட்டிலுக்கு வெளிய கொஞ்சம் தொங்கற மாதிரி."

லிஃப்ட்காரர் உடம்பு விறைத்துப்போனது. "டாக்டர், எந்தப் பக்கம் வேணா திருப்புங்க. அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்."

"அந்தப் பக்கம்தான் வேணும்."

"சுத்தும் டாக்டர்."

"சுத்தட்டும். நான் பிடிச்சிருக்கேன். கண்ணை மட்டும் மூடாதீங்க."

சாய்த்தார். வந்தது. இதுவரை வந்ததிலேயே பெரிய சுழற்சி. கூரை உருண்டது, விளக்கு உருண்டது. மனைவியின் கையை அவர் நெரித்த நெரிப்பில் வளையல் ஒன்று நெளிந்தது. டாக்டர் மட்டும் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுழற்சி தானாக ஓயும்வரை அசையவிடவில்லை. ஓய்ந்ததும் தலையை மெல்ல மறுபக்கம் திருப்பினார். காத்திருந்தார். அப்படியே உடம்பையும் ஒருக்களிக்க வைத்தார். மறுபடி காத்திருந்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்தார்.

"கட்டி..." என்று தொடங்கினார் லிஃப்ட்காரர்.

"கட்டி இல்ல. கண்ணு ஆடின விதம், மத்த பரிசோதனை, எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் காட்டுது. காதுக்குள்ள நம்மளை நேரா நிக்கவைக்கற இடத்துல மணல் மாதிரி சின்னச் சின்னத் துகள் உண்டு. அது இடம் மாறி ஒரு குழாய்க்குள்ள போயிடுச்சு. அதைத் திருப்பி அதோட இடத்துக்கு உருட்டி விட்டிருக்கேன்."

"அவ்வளவுதானா?" என்றான் மச்சான்.

"அவ்வளவுதான். மறுபடி வரலாம். வந்தா வாங்க, மறுபடி உருட்டலாம். இன்னும் சில வாரம் உயரத்துல ஏற வேண்டாம். அடுத்த தடவை பாத்துட்டு வேலைக்குப் போகலாமான்னு சொல்றேன்."

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். நம்ப முடியாமல் தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். சுவரில் நாள்காட்டி, அதன் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன. இந்த அறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் சுவர் ஓரமாக நின்று அழுதார். அண்ணன் செத்தபோது பாடை, பந்தல், காரியம் என்று ஓடிக்கொண்டிருந்ததில் அழாமல் விட்டிருந்தார். அதுவும் சேர்ந்து வந்தது. மனைவி முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். மச்சான் சற்றுத் தள்ளி நின்று, இல்லாத பஸ் ஒன்றைத் தேடுகிற மாதிரி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிஜமாகவே பஸ் வந்தது. ஓட்டுகிறவர் மச்சானுக்குத் தெரிந்தவர். மச்சான் முன்னால் போய் அவரோடு என்ஜின் மேல் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்துவிட்டான். கணவனும் மனைவியும் பின்னால் இருவர் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஓட்டல் திரையில் பட்ட கண்ணீர்க் கறை போகுமா என்று மனைவி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வாக்கியத்தில் குரல் நின்றது. லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தால், மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. முன்னாலிருந்து மச்சான், "மாமா, இறங்குங்க!" என்று குரல் கொடுத்தான். லிஃப்ட்காரர் உதட்டின் மேல் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மச்சான் பார்த்தான், புரிந்துகொண்டான். ஓட்டுகிறவரிடம் ஏதோ சொல்ல, பஸ் அந்த நிறுத்தத்தைவிட்டுக் குலுங்காமல் கிளம்பியது.